கேட்காமல் எடுத்த பட்டியல்

நவம்பர் 3

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று அம்மா சொன்னாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன், அதுவும் வேலை விஷயமாக. உறவு கொண்டாட எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் சங்கடம் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் 'சரி', 'ம்' என்று பதில் வருகிறது. அதனால்தான் தாள்.

எங்கள் ஆபீசுக்காக நான் ஒரு சின்னக் கருவி எழுதியிருக்கிறேன். கருவி என்றதும் சுத்தியல், திருப்புளி என்று நினைத்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டரில் ஓடும் நிரல். ஒரு போனைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரே ஒரு வரி தட்டினால், அந்தப் போனில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். செயலியின் பெயர் ஒரு பத்தியில், அதன் பதிப்பு எண் அடுத்த பத்தியில், எந்தத் தேதியில் போனில் ஏற்றினார்கள் என்பது மூன்றாவது பத்தியில். அவ்வளவுதான் அதன் வேலை. ஊழியர்களுக்குப் போன் கொடுக்கிற அலுவலகங்கள், வேண்டாதது ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க இதை வாங்குகின்றன.

கருவியை எழுத மூன்று வாரம் ஆனது. அதற்கு வழிகாட்டி எழுத உட்கார்ந்து இரண்டு மாதமாக முழி பிதுங்குகிறது. மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, "இதை எழுதுன உனக்காவது புரியுதா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என் கட்டுரைகளை எல்லாம் திருத்திக் கொடுத்தது நீதான். வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் ஒற்று சரியாக இருக்கிறதா என்பதையே மனைவியிடம் காட்டித்தான் அனுப்புகிறேன்.

பன்னிரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன். சிவப்பு மையில் எவ்வளவு வேண்டுமானாலும் கிறுக்கு. பதினான்காம் தேதி அச்சுக்குப் போகிறது.

பாப்பா நன்றாக இருக்கிறாள். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு,

காலை ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கத்தையும் படித்தேன். உங்கள் மேனேஜர் பொறுமைசாலி.

முதல் பக்கத்திலேயே பதினோரு ஒற்று காணவில்லை. 'பட்டியலை காட்டும்' இல்லையடா, 'பட்டியலைக் காட்டும்'. எட்டாம் வகுப்பில் நீ தொலைத்த 'க்' இன்னும் கிடைத்தபாடில்லை. எல்லாவற்றையும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அடுத்தது இந்தப் 'படும்'. 'கேபிள் இணைக்கப்படும். கட்டளை உள்ளிடப்படும். பட்டியல் பெறப்படும்.' யார் இணைப்பது, பேயா? படிக்கிறவர் கையில் கேபிளை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துச் சொல்: கேபிளை இணையுங்கள். ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, 'வண்டி மூன்றாம் நடைமேடையில் நிறுத்தப்படும்' என்று நான் சொன்னால், இரண்டு கையிலும் பெட்டியோடு நிற்கிறவர் என்னை அடிக்க வருவார். 'மூணாவது பிளாட்பாரம், இடது பக்கம் படி இறங்கிப் போங்க' என்று சொன்னால் ஓடிவிடுவார். உன் வழிகாட்டியும் அப்படி ஓடவைக்க வேண்டும்.

நாலாம் பக்கத்தில் 'சாதனம் கண்டறியப்படவில்லை' என்பதை அடித்துவிட்டேன். 'போன் தெரியவில்லை. கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள்' என்று போடு.

இனி ஏழாம் பக்கம். 'மாதிரிப் பட்டியல்' என்று தலைப்பு. அதன் கீழே போனின் பெயர்: 'மூணாம் கவுண்டர்'. மூன்றாம் கவுண்டரில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். போனுக்கு அந்தப் பெயரை வைத்தவளும் நான். அந்தப் பெயரில் இன்னொரு போன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்தின் அடியில் நீயே எழுதியிருக்கிறாய்: 'இந்தப் பட்டியல் ஒரு சோதனைப் போனிலிருந்து எடுக்கப்பட்டது.' மறுபடியும் 'பட்டது'. யார் எடுத்தது? எப்போது? யாரைக் கேட்டு?

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. மற்ற பதினொன்றும் நன்றாக வரும்.

அக்கா


நவம்பர் 8

அக்காவுக்கு,

நான்தான் எடுத்தேன். செப்டம்பரில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நாலு நாள் ஒரே வீட்டில் இருந்தோமே, அப்போது. மத்தியானம் அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நீ தூங்கிவிட்டாய். உன் போன் சாப்பாட்டு மேசையில் சார்ஜில் இருந்தது. பூட்டு எண் அம்மா பிறந்த வருடம் என்பது நமக்குள் ரகசியமா என்ன? ஐந்து நிமிட வேலை. என் ஆபீஸ் போனில் இருப்பது மூன்றே மூன்று செயலி; மாதிரிக்குக் காணாது. சொந்தப் போனைப் போடலாம் என்றால், அதில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். உன்னுடையதில் நாற்பத்தாறு இருந்தன. கச்சிதமாக ஒரு பக்கம்.

கேட்டிருக்க வேண்டும்தான். எப்படிக் கேட்பது? அந்த நாலு நாளும் நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு எங்கே என்று நான் அம்மாவிடம் கேட்க, ஒரு கண்ணில் கட்டோடு அம்மா உன்னிடம் கேட்க, நீ டப்பாவைக் காட்டினாய். "என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்களேடா" என்று அவள் அலுத்துக்கொண்டாளே.

வெறும் பெயர்கள்தான் அக்கா. உன் படங்களையோ மெசேஜ்களையோ கருவி தொடாது. வாசலில் நின்று உள்ளே எத்தனை நாற்காலி கிடக்கிறது என்று எண்ணுவது மாதிரி. இதற்குப் போய் இவ்வளவு கோபமா? ஏழாம் பக்கத்தை மாற்றினால் அதன் வரி எண்களைச் சொல்லி விளக்குகிற எட்டு, ஒன்பது, பத்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அச்சுக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. வேண்டுமானால் போனின் பெயரை மட்டும் எடுத்துவிடுகிறேன். ஆனால் அது இருந்தால்தான் வேடிக்கை. கருவியை முதலில் வாங்கியிருப்பதே உங்கள் ரயில் அலுவலகம்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பிரதி வரும். உங்கள் நிலைய மேலாளர் பார்த்துவிட்டு, "அட, நம்ம மூணாம் கவுண்டர்!" என்று சிரிப்பார்.

கோபப்பட வேண்டியவன் நான். ஜூன் 14, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு உனக்குத்தான் முதல் போன் செய்தேன். அம்மாவுக்குக்கூட அப்புறம்தான். "பாப்பாவை ஆஸ்பத்திரியில இப்பதான் சேர்த்திருக்கோம். நெஞ்சுல சளி கட்டி மூச்சு விட முடியல" என்று சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அப்படியா! ரொம்ப சந்தோஷம்டா!" ரொம்ப சந்தோஷம். நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் 'மன்னித்துவிடு' என்று ஒரு மெசேஜ். 'எதுக்கு?' என்று கேட்டேன். இன்று வரை பதில் இல்லை. பாப்பாவுக்கு என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. ஊரில் யார் யாருக்கோ வண்டி எப்போது என்று நாள் முழுக்கச் சொல்கிறாய், கூடப் பிறந்தவனிடம் அந்த ஒரு வார்த்தைக்குப் பஞ்சம்.

இவ்வளவு எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்.

தம்பி


நவம்பர் 11

தம்பிக்கு,

ஏழாம் பக்கம் எங்கள் நிலையத்துக்கு வரக் கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன். வந்தால் எனக்குக் கவுண்டர் இருக்காது.

காரணத்தை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று. கை வரவில்லை.

உன்னுடையதைக் காட்ட உனக்குக் கூச்சம். என்னுடையது மட்டும் வெறும் பெயர், வெறும் நாற்காலி. நாற்பத்தாறு என்று எண்ணினாயே, ஒரு தடவையாவது அதைப் படித்தாயா? உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படி. மூன்றாவது பத்தியையும் விடாதே. படித்துவிட்டு எழுது.

போன் செய்யாதே.

அக்கா


நவம்பர் 13

அக்காவுக்கு,

படித்தேன். நேற்று எல்லாரும் சாப்பிடப் போன பிறகு ஏழாம் பக்கத்தை மேசையில் விரித்து, வரிக்குக் கீழே அளவுகோலை வைத்து ஒன்று ஒன்றாகப் படித்தேன்.

இந்த இரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். மூன்று பத்தியும் நேராக நிற்கிறதா, நீளமான பெயர் பக்கத்துப் பத்தியில் இடிக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். எங்கள் வேலையில் எல்லாரும் அப்படித்தான். பட்டியல் ஒழுங்காக வந்துவிட்டால் கருவி சரி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு யாருடையவோ பாடு.

முதல் முப்பது வரியில் ஒன்றுமில்லை. ரயில் நேரம், வானிலை, சுடோகு, டார்ச். அதற்குப் பிறகு 31-ஆம் வரி, 'பேச்செழுத்து: உடனுக்குடன் வரிகள்'. எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாகக் காட்டுவது. ஏற்றிய நாள் ஜூன் 15. அடுத்த வரி 'காதளவு'. காது எவ்வளவு கேட்கிறது என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்வது. அதுவும் ஜூன் 15. கொஞ்சம் தள்ளி 'அதிர்மணி', மணி அடிக்காமல் தலையணைக்கு அடியில் அதிர்ந்து எழுப்புகிற அலாரம், ஜூலை. 41-ஆம் வரி 'செவித்துணை', காது மெஷினைப் போனோடு சேர்ப்பது, ஆகஸ்ட் 20.

31-ஆம் வரியின் பெயர் நீளமாக இருக்கிறது என்று எரிச்சல்பட்டு, முதல் பத்தியை அகலமாக்கியவன் நான். அப்போதும் படிக்கவில்லை.

ஜூன் 15. நான் போனை வைத்ததற்கு மறுநாள்.

அக்கா, உனக்குக் கேட்கவில்லை. நீ கேட்கவில்லை, நீ கேட்கவில்லை என்று ஐந்து மாதமாக வீட்டில் சொல்லித் திரிந்தேன். அம்மா வீட்டில் அந்த நாலு நாளும் உன் முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனை பேச்சுப் பேசினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காததை அகம்பாவம் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மேனேஜரிடம் போய், ஏழாம் பக்கம் கேட்காமல் எடுத்தது என்றேன். "யாரைக் கேட்காம?" என்றார். "எங்க அக்காவை" என்றேன். வேறு எதையும் சொல்லவில்லை. "நாம விக்கிறதே அடுத்தவங்க போனைப் பார்க்கிற சாமான். எழுதுனவனே இப்படின்னா வாங்குறவன் என்ன செய்வான்?" என்று கேட்டார். அச்சைப் பத்து நாள் தள்ளி வைத்துவிட்டார்.

ஏழாம் பக்கத்தில் இப்போது என் சொந்தப் போனின் பட்டியல் இருக்கிறது; இத்துடன் இணைத்திருக்கிறேன். 'முடி வளர முப்பது வழி', 'தொப்பைக்கு விடை', 'குறட்டைப் பதிவு', 'நல்ல அப்பா ஆவது எப்படி'. எதிர்பார்த்தபடியே ஆபீஸ் சிரிக்கிறது. அதில் கடைசியைப் பார்த்துவிட்டு மட்டும் யாரும் சிரிக்கவில்லை, ஏனோ. பக்கத்தின் தலையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'கேபிளை இணைக்கும் முன், போனுக்கு உரியவரைக் கேளுங்கள்.'

இனி கெட்ட செய்தி. சரிபார்க்கச் சொல்லிப் பழைய பிரதிகள் மூன்று போன வாரமே ரயில் அலுவலகத்துக்குப் போயிருக்கின்றன. இரண்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். மூன்றாவது உங்கள் நிலைய மேலாளர் மேசையில். அவர் விடுப்பு முடிந்து திங்கட்கிழமைதான் வருகிறாராம். உறை பிரிக்காமல் கிடக்கிறது என்று அவர் உதவியாளர் சொன்னார். நான் நேரில் வந்து ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிக்கொண்டு போகட்டுமா? இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்றைக்குப் போனில் உனக்கு என்ன கேட்டது?

தம்பி


நவம்பர் 19

தம்பிக்கு,

நீ வர வேண்டியதில்லை. வேலை முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தேன். அந்த உறையை நீ வாங்கிக்கொண்டு போயிருப்பாய். அதற்கப்புறம்? வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு எவராவது கவுண்டருக்கு வந்தால் எனக்கு ஒன்றும் புரியாது. கண்ணாடிக்குப் பின்னால் உதடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இரண்டு வருடமாகப் பதில் சொல்கிறேன். போன மாதம் ஒருவரைத் தப்பான வண்டியில் ஏற்றிவிட்டேன். அவர் திரும்பி வந்து என்னைத் திட்டினார். அந்தத் திட்டு மட்டும் நன்றாகப் புரிந்தது.

திங்கட்கிழமை மேலாளர் பையை இறக்கி வைப்பதற்குள் அறைக்குள் போய்விட்டேன். உறையை நானே பிரித்து, ஏழாம் பக்கத்தை எடுத்து, நாலு வரியையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு அவர் முன்னால் வைத்தேன். "இது என் போன் சார். எனக்கு வலது காது சுத்தமாக் கேட்காது. இடது காது பாதி" என்றேன். அவர் தாளைப் பார்த்துக் குனிந்தபடி ஏதோ பேசினார். "சார், நிமிர்ந்து சொல்லுங்க" என்றேன். பதினேழு வருடத்தில் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து, மெதுவாக, "ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்டார்.

சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பயம். உன்னிடம் சொல்லாததற்கு மட்டும் வேறு காரணம். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தால் என்றைக்காவது சண்டை போட வருவாய். செவிடு என்று தெரிந்தால் சண்டை போடுவதையே விட்டுவிடுவாய். பாவம் பார்க்கப்படுவது எனக்குப் பிடிக்காது. பார், எனக்கும் 'படுவது' வந்துவிட்டது.

கவுண்டர் போய்விட்டது. ஆபீஸ் டாக்டர் பார்த்து எழுதித் தரும் வரை, வண்டி நேரங்களை அறிவிப்புப் பலகையில் எழுதுகிற வேலை. என் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று அதைக் கடந்து போகும்போது அழுதுவிட்டேன். அவள் ஓடி வந்து ஏதோ கேட்டாள். என் பக்கம் பார்த்துக் கேட்டதால் புரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்றாள்.

மூன்று மாதமாகக் கைப்பைக்குள் கிடந்த காது மெஷினை இப்போது எல்லாரும் பார்க்கப் போட்டுக்கொள்கிறேன். ஊர் இவ்வளவு சத்தமா! சோப்பு டப்பாவை மூடினால்கூடக் கதவைச் சாத்தியது போல இருக்கிறது. ஆனால் தட்டு கழுவும்போது தண்ணீர் விழுகிற சத்தம் நன்றாக இருக்கிறது.

அன்றைக்கு என்ன கேட்டது என்று கேட்டாய். மூன்றே சொல் கேட்டது. 'பாப்பாவை', 'இப்பதான்', 'சேர்த்திருக்கோம்'. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். அவளுக்கு நாலு வயது. நடுவில் காணாமல் போனதை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். இரண்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு. ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அவளுக்கு ஒரு பை வாங்கினேன். நீலப் பை, முயல் படம் போட்டது. மறுநாள் காலை அதில் அவள் பெயரைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் உன் மனைவியிடமிருந்து மெசேஜ்: 'காய்ச்சல் குறைஞ்சிருக்கு அண்ணி. ஆஸ்பத்திரியில இன்னும் நாலு நாள் இருக்கணுமாம்.' ஊசியைப் பையிலேயே குத்தி வைத்துவிட்டு அந்த இரண்டு செயலியையும் ஏற்றினேன். உன் கருவி தேதியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. பை இன்னும் அலமாரியில் இருக்கிறது, பெயர் பாதி தைத்தபடி.

உன் புது ஏழாம் பக்கம் பிழையில்லாமல் இருக்கிறது. அதன் அடியில் மட்டும் ஒரு வரி சேர்: 'பட்டியல் வந்ததும் படியுங்கள்.' உன் போன கடிதத்திலும் 'உனக்குக் கேட்கவில்லை' என்பதில் அந்தக் 'க்' சரியாக விழுந்திருக்கிறது. மனைவியிடம் காட்டாமல் எழுதிய கடிதம் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய். பாப்பாவிடமும் கொடு. மெஷின் காதில் இருக்கும், பேச்செழுத்து முன்னால் திறந்திருக்கும். அப்படியும் பாதி தவறிப்போகும். தவறினால், ரொம்ப சந்தோஷம் என்று இனிமேல் சொல்லமாட்டேன். 'என்ன?' என்று கேட்பேன். பத்துத் தடவை கேட்டாலும் நீ சலித்துக்கொள்ளாமல் திரும்பச் சொல்.

அக்கா